அப்பளம் இடுகிற வீட்டில் உப்பை நிறுத்தினார் பெருமாள்

என் அண்ணன் என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டான். 2009, ஆடி மாதம். சிதம்பரத்திலிருந்து கடலூர் வருகிற பஸ். ஆலப்பாக்கம் தாண்டியதும் அவன் தலை கனத்தது. தூங்குகிறான் என்று நினைத்தேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து, "ஏம்மா, அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா, மொகம் ஒரு மாதிரியா இருக்கே" என்று கேட்கும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு வயது இருபத்தொன்பது. பெயர் சங்கர். எனக்கு அப்போது இருபத்திரண்டு.

நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தேன். கடிதம்கூட எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் எனக்குச் செய்ததை நான் வாயை மூடிக்கொண்டு வைத்திருக்க முடியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிடுகிறேன். சில பேர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எழுதினால் யாரும் எழுந்து போக மாட்டார்கள் அல்லவா. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா அப்பளம் இட்டு எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். உளுந்து மாவு, அப்பளக்காரம், உப்பு. அவ்வளவுதான் சாமான். ஆனால் உப்பு எவ்வளவு என்பது அம்மாவின் நாக்குக்குத்தான் தெரியும். மாவு பிசைந்ததும் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைப்பாள். கண்ணை மூடுவாள். "இன்னும் ஒரு கை" என்பாள், இல்லை "போதும்" என்பாள். அண்ணனும் வைத்துப் பார்ப்பான். நானும் பார்ப்பேன். ஒவ்வொரு பிசையலுக்கும் மூன்று நாக்கு. அதோடு மோர் மிளகாயும் போடுவோம். இட்டுக் காய வைத்துக் கட்டியதை அண்ணன் சிதம்பரத்தில் நாலைந்து மெஸ்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவான். "கடலூர் அம்மா அப்பளத்துக்குத் தொட்டுக்க வேற எதுவும் வேணாம்" என்று அங்கே சொல்வார்களாம். அவ்வளவு உப்பு. எங்களுக்கு அது பெருமை.

அவன் போன அன்றைக்கு நானும் அவனோடு போயிருந்தேன். மூட்டை இரண்டு. தெற்கு வீதியில் கடைசி மெஸ்ஸில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவனுக்குச் சட்டை முழுக்க வியர்வை. மேகமூட்டமான நாள். எனக்கு வியர்க்கவே இல்லை.

"நெஞ்ச அடைக்குதுடி வசந்தி. காலையில தின்ன பூரி அப்படியே நிக்கிது."

பெட்டிக்கடைக்காரர் பார்த்துவிட்டு, "வாயுதாம்மா. உப்பு சோடா குடு, ரெண்டு ஏப்பம் வந்தா செரியாப் பூடும்" என்றார்.

எலுமிச்சை பிழிந்து சோடா வாங்கினேன். நான்தான், "இன்னும் கொஞ்சம் உப்பு போடுங்கண்ணா" என்று சொன்னேன். அவன் குடித்தான். பெரிதாக ஒரு ஏப்பம் விட்டான். "ராக்கெட்டு மாதிரி வருது" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். இடது கை வலிக்கிறது என்றான். மூட்டை தூக்கின கைதானே என்றேன். மூடியிருந்த ஒரு கடைப் படியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். பெரிய ஆஸ்பத்திரி அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்தான். போகவில்லை. "வூட்டுக்குப் போயிடலாம், அம்மா சுக்குத் தண்ணி வெச்சிக் குடுப்பா" என்றான். பஸ் ஏறினோம்.

இப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகு எனக்கு உட்காரவே முடியாமல் போய்விட்டது. நிஜமாகவே உட்கார முடியாது. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன். தண்ணீர் பிடிக்கப் போய்க் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன். சோடா பாட்டில் திறக்கிற சத்தம் கேட்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். யாராவது ஏப்பம் விட்டால் அவர்கள் முகத்தை உற்றுப் பார்ப்பேன். அம்மா படுத்திருந்தால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் அவள் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் இருக்கறேன், போடி" என்றாள்.

அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஆறேழு வருடமாகப் பிரஷர் உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் போன பிறகு அந்த மாத்திரை டப்பாவைத் தொடவே இல்லை. கேட்டால், "எனக்கு எதுக்குடி, போக வேண்டியவ நானு, அவன் போயிட்டான்" என்பாள். எல்லாப் பிசையலையும் அவளே நாக்கில் வைத்துப் பார்த்தாள். அண்ணன் பங்குக்கும் சேர்த்து. அப்பளத்தில் உப்பு முன்னைவிட ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. சாப்பாட்டில் மோர் மிளகாய் மட்டும்தான். கஞ்சி, மோர் மிளகாய். கஞ்சி, அப்பளம். அதுவே காலை, அதுவே மத்தியானம்.

தை மாதம் ஒரு நாள் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தவள் குழவியை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். மூச்சு இரைத்தது. நடந்து வந்த மூச்சு இல்லை, உட்கார்ந்தபடியே ஓடுகிற மூச்சு. பக்கத்துத் தெருவில் இருக்கிற என் தாய்மாமா கோவிந்தன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கூப்பிட்டேன். வந்தவர் முதல் வார்த்தையாக, "வாயுவா இருக்கும்" என்றார்.

நான் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டேன். தாய்மாமனை. தெருவே பார்த்தது. அவர் அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார். போகும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கை கனமாத்தான் இருக்கு, அப்பளம் இட்ட கையில்ல" என்றார்.

கடலூரில் ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். ரொம்ப நாள் பிரஷரால் இதயம் பெரிதாகி வலு குறைந்திருக்கிறது. பம்பு சரியாக இழுக்கவில்லை. அதனால்தான் காலில் நீர், நெஞ்சில் நீர். மாத்திரை தவறவே கூடாது. உப்பு சேர்க்கக் கூடாது. உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இதயத்துக்குப் பாரம். "இன்னொரு தடவ இப்படி வந்தா தாங்குமான்னு சொல்ல முடியாது" என்றார். பின்னால் பெரிய கூட்டம். சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தச் சீட்டை மடித்து அரிசிப் பானைக்குக் கீழே வைத்தாள். பானை ஆடுகிறதாம்.

"உப்ப வுட்டா என் நாக்கு செத்துப்போயிடும்டி. நாக்கு செத்தா அளவு எப்படித் தெரியும். அளவு தெரியலன்னா எவன் வாங்குவான். நீ சோத்துக்கு என்னா பண்ணுவ."

"நீயே செத்துட்டா?"

"அப்ப கவல இல்ல."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. நடந்தேன். திருப்பாதிரிப்புலியூர் வந்தது, கெடிலம் ஆறு வந்தது. சனிக்கிழமை என்பதால் ஜனங்கள் திருவந்திபுரத்துக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு நடந்தேன். அண்ணன் போனதிலிருந்து நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. போக மனமில்லை. கோபம்.

அங்கே சேஷ தீர்த்தம் என்று ஒரு கிணறு. நோய் தீர வேண்டுமென்று உப்பும் மிளகும் வெல்லமும் வாங்கி அதில் போடுவார்கள். எல்லோரும் போடுகிறார்களே என்று நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன். போடும்போது கும்பிடவில்லை. சண்டைதான் போட்டேன். உள்ளுக்குள்ளேதான், ஆனால் சண்டை.

"அண்ணன எடுத்துகினே. அப்பாவ எடுத்துகினே. இவளையும் எடுத்துகினா நான் யாருகிட்டப் போவேன். எனக்கு என் அம்மா வேணும். அவ வாழணும்னு நெனைக்கணும். அது வரைக்கும் நான் உப்பு தொட மாட்டேன்."

அதுதான் என் வேண்டுதல், பிரார்த்தனை, எல்லாம். ஒரு சுலோகம்கூட எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போதும் மனசு அடங்கவில்லை. சாமி கேட்டாரா, கேட்கவில்லையா என்று ஒவ்வொரு அடியிலும் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே உப்பில்லாமல் சோறும் குழம்பும் வைத்து என் தட்டில் போட்டுக்கொண்டேன். அம்மா ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள்.

"என்னாடி இது, காகிதம் மாதிரி இருக்குது."

"வேண்டிகினு வந்துட்டேன்."

"பெருமாளுக்கு உப்பக் குடுத்துட்டு எனக்குப் பத்தியமா. நல்லா இருக்குதுடி ஒன் பக்தி."

"ஒனக்கு இல்ல. எனக்கு. நீ உப்பு போட்டுக்கோ."

அவள் தனியாக உப்பு போட்டுச் சாப்பிட்டாள். நான் உப்பில்லாமல் சாப்பிட்டேன். மூன்று நாள். நாலாம் நாள் நான் சோற்றை விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்து இறக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் தட்டை நகர்த்தினாள். "எனக்கும் அதையே போடு. ஒரு வூட்டுல ரெண்டு ஒலையா" என்றாள். மாத்திரையையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். பெருமாள் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

ஆனால் வாய் ஒப்பவில்லை. வெறும் சோறு எப்படி இறங்கும். அம்மா இரண்டு அப்பளம் சுட்டாள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நொறுக்கிப் போட்டுப் பிசைந்தால் சோறு இறங்கியது. மறுநாள் இரண்டிரண்டு. மோர் மிளகாயும் வறுத்துக்கொண்டோம். அடுப்படி உப்பு ஜாடியைத் தொடவே இல்லை. அதைக் கவிழ்த்தே வைத்துவிட்டோம். விரதத்தை இவ்வளவு சுத்தமாக இருக்கிறோமே என்று எனக்குச் சந்தோஷம். மாமா வந்தபோதுகூட அம்மா பெருமையாகச் சொன்னாள்.

"உப்ப வுட்டு இருவது நாளு ஆவுதுடா. ஒரு கல்லு கூட இல்ல."

"நெஜமாவா. ஒன் மொகம் என்னாமோ ஊதினாப்பல இருக்குதே."

"சோறு ஜாஸ்தியா எறங்குது, அதான்."

நாங்கள் மூன்று பேரும் அப்பளம் கடித்துக்கொண்டேதான் இதைப் பேசினோம். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. உப்பு என்றால் ஜாடியில் இருப்பது. அப்பளம் என்றால் அப்பளம். வருஷக்கணக்காக நாங்களே கையால் அள்ளிப் போட்ட உப்பு, வட்டமாகத் தேய்த்துக் காய வைத்ததும் எங்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

மாசி மாதக் கடைசியில் ஒரு காலை அம்மா எழுந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. மாமா ஆட்டோவோடு வந்தார். இந்தத் தடவை வாயுவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

வார்டில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நீர் பிரிய ஊசி போட்டார்கள். அங்கே ஒரு நர்ஸ் அக்கா. திட்டக்குடிப் பக்கம். பெரிய குரல், பெரிய மனசு. சீட்டைப் பார்த்துவிட்டு என்னைத்தான் பிடித்தார்கள்.

"உப்பு ஆவாதுன்னு எழுதியிருக்குல்ல. என்னா குடுத்த?"

"உப்பே இல்லக்கா. சாமி சத்தியமா இல்ல. நானும் திங்கல. வேண்டுதல்."

"மாத்தர?"

"ஒரு நாள் கூட வுடல."

"அப்ப எப்படி இம்மாந் தண்ணி ஏறுது. சோத்துக்கு என்னா தொட்டுகினீங்க?"

"அப்பளம்."

நர்ஸ் அக்கா சீட்டைக் கீழே வைத்தார்கள். "தெனமுமா?"

"தெனமும் ரெண்டு. சில நாளு மூணு. நாங்க அப்பளம் இடறவங்கக்கா. மோர் மொளகாவும்."

"அடிப் பாவி. நீயே அப்பளம் இடறவ. அதுல என்னா போடுவ, சக்கரையா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டி சிரித்துவிட்டாள். நர்ஸ் அக்கா குரலை இறக்கி, அப்பளம், ஊறுகாய், கருவாடு, மிக்சர், வற்றல் எல்லாமே உப்புதான் என்றும், அப்பளக்காரமும் உப்பு மாதிரியே தண்ணீரைப் பிடிக்கிற சாமான்தான் என்றும் சொன்னார்கள். சோற்றில் போடுகிற உப்பைவிட எங்கள் தட்டில் அப்பளமாக விழுந்த உப்புதான் அதிகம் என்றார்கள்.

நான் வார்டுக்கு வெளியே வந்தேன். நிற்க முடியவில்லை. படியில் இறங்கினேன், ஏறினேன், இறங்கினேன். அண்ணனுக்குச் சோடாவில் உப்பு போட்டுக் கொடுத்தவள் நான். அம்மாவுக்கு விரதம் என்று சொல்லி உப்பாகவே கொடுத்தவளும் நான். பெருமாளுக்குக் கொடுத்த வார்த்தையையும் தினம் இரண்டு வேளை மீறியிருக்கிறேன். இனி அவர் எதற்கு எனக்குக் கொடுப்பார். அப்போது எனக்கு வேண்டிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை. "தெரியாமப் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே நடந்தேன். அம்மாவிடம் சொன்னேனா, அண்ணனிடம் சொன்னேனா, பெருமாளிடம் சொன்னேனா என்று எனக்கே தெரியாது.

நர்ஸ் அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, என் கதை முழுவதையும் கேட்டார்கள். சோடாவைப் பற்றியும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் சொன்னது இதுதான். "சோடாவுல போட்ட உப்பு ஒங்கண்ணனக் கொல்லல. உக்காந்து இருந்தீங்க பாரு அந்த நேரம், அதான். வேர்த்து நெஞ்சு அடைச்சி கை வலிச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் மொதல்ல வரணும். அது ஒனக்கு யாரும் சொல்லல. இப்ப சொல்லிட்டேன். நாலு பேருக்குச் சொல்லு."

மத்தியானம் வரை அம்மா அப்படியே இருந்தாள். பிறகு நீர் பிரிய ஆரம்பித்தது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாலு மணிக்கு ஆக்ஸிஜன் முகமூடியை எடுத்துவிட்டு மூக்குக்குக் குழாய் வைத்தார்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நர்ஸ் அக்கா பேசினதையெல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அப்பளத்துலயாடி உப்பு" என்றாள். ஏதோ புதிதாகக் கேள்விப்பட்டவள் மாதிரி.

நான் அவள் போர்வையைச் சரி பண்ணினேன்.

"அவனுக்கும் நான்தான் போட்டேன். சின்னதுலேர்ந்து. மாவக் கிள்ளி வாயில வெப்பேன். நல்லா இருக்குதாடான்னு கேப்பேன். இன்னும் கொஞ்சம் போடும்மான்னுவான்."

சொல்லிக்கொண்டே அழுதாள். ஆடி மாதம் வராத அழுகை அன்றைக்கு வந்தது. மூக்குக் குழாய் நகர்ந்தது. நர்ஸ் அக்கா ஓடிவந்து பார்த்துவிட்டு, தடுக்காமல் குழாயை மட்டும் சரி பண்ணிவிட்டுப் போனார்கள். நானும் அழுதேன். மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுது முடித்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"திருவந்திபுரத்துல என்னான்னு வேண்டிகினே?"

"நீ இருக்கணும்னு. இருக்கணும்னு நீ நெனைக்கணும்னு."

அவள் மூக்குக் குழாயை விரலால் சரி பண்ணிக்கொண்டாள்.

"சரி. இருக்கறேன்" என்றாள்.

அது என் வேண்டுதலுக்கு வந்த பதில். வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், வீங்கின முகத்தோடு என் அம்மா சொன்னாள். நான் கேட்டது எதுவோ அதுவே வந்தது, வார்த்தை மாறாமல். நான் விரதத்தை உடைத்த பிறகும் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நான் வார்த்தை தவறினேன், அவர் தவறவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான விரதம். முதல் பத்து நாள் நரகம். அம்மா என்னைத் திட்டாத திட்டு இல்லை. "ஆஸ்பத்திரிச் சோறே பரவால்ல" என்பாள். நான் புளியும் மிளகும் பூண்டும் எலுமிச்சையும் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். முருங்கைக்கீரை, அவரைக்காய், சுரைக்காய், பச்சைப்பயறு. வாரத்தில் இரண்டு நாள் துறைமுகத்திலிருந்து சங்கரா, மத்தி, எது மலிவோ அந்த மீனை வாங்கி, வறுக்காமல் குழம்பு. பொரித்த எண்ணெயை மறுபடி ஊற்றுவதை நிறுத்தினேன். டீக்கடை வடை நின்றது. மூச்சு நன்றாக இறங்கினதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் வெயில் ஏறுமுன் இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்தோம். முதலில் தெருமுனை வரை. பிறகு மாரியம்மன் கோயில் வரை. பிறகு துறைமுகம் வரை. எனக்கு உட்கார முடியாத வியாதி இருந்தது என்று சொன்னேனே, அதற்கும் அதுதான் மருந்தானது. நடந்து வந்த பிறகு என்னால் உட்கார முடிந்தது.

உப்பை விட்ட நாக்கு செத்துவிடும் என்று அம்மா பயந்தாள் அல்லவா. ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் பழைய அளவிலேயே மாவு பிசைந்து ஒரு கிள்ளு நாக்கில் வைத்தாள். முகம் கோணிக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"இதையாடி இத்தன நாளு ஜனங்களுக்கு வித்தோம்?"

அவள் நாக்கு செத்துப்போகவில்லை. அப்போதுதான் அது தெளிந்திருந்தது. அன்றைக்கே அளவைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். மிளகும் சீரகமும் இடித்துச் சேர்த்தாள். சிதம்பரத்துக்கு இப்போது நான்தான் கொண்டுபோகிறேன். ஒரு மெஸ்காரர், "என்னாம்மா, கடலூர்ல உப்புக்குப் பஞ்சமா, கடலுதான் பக்கத்துலயே இருக்குதே" என்று கேட்டு வாங்குவதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் நிறுத்தவில்லை. ஒருவருடைய மனைவி இப்போது இந்த அளவுதான் வேண்டும் என்கிறார். அவர் வீட்டிலும் பிரஷர்காரர் உண்டு. எங்கள் வீட்டில் எங்களுக்கு அப்பளம் இல்லை. இடுகிறோம், தின்பதில்லை. நாக்கில் வைத்தாலும் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவோம்.

2011 கடைசியில் தானே புயல் அடித்தபோது எங்கள் கூரை ஓடு பாதி பறந்துவிட்டது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. காய் இல்லை. யாரோ கொடுத்த பொட்டலச் சோறும் ஊறுகாயும்தான் எல்லோருக்கும். எனக்குப் பழைய பதற்றம் வந்துவிட்டது. மாத்திரை நனைந்திருக்குமே என்று வீட்டையே கவிழ்த்துத் தேடினேன். அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பத்து நாள் மாத்திரை. காற்று ஆரம்பிக்கும் முன்பே எடுத்து வைத்திருக்கிறாள். ஊறுகாயைப் பிரிக்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வெறும் சோற்றைத் தின்றாள். "நீ பதறாத, நான் பாத்துக்கறேன்" என்றாள். முன்பு வாழவே வேண்டாம் என்ற அதே அம்மா.

என் துக்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆலப்பாக்கம் வரும்போது இன்றைக்கும் கண்ணை மூடிக்கொள்வேன். அண்ணனை ஏன் காப்பாற்றவில்லை என்று பெருமாளிடம் கேட்பேன். அதற்குப் பதில் வரவில்லை. வராவிட்டாலும் கேட்கிற இடம் அவர்தான்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம்பிக் கேளுங்கள். எனக்குச் சுலோகம் தெரியாது, சண்டை போடத்தான் தெரியும், என் பேச்சையே கேட்டார். உங்கள் பேச்சையும் கேட்பார். கேட்டுவிட்டு வந்து உங்கள் தட்டையும் ஒரு தடவை பாருங்கள். அதில் உப்பு என்ற பெயர் இல்லாமல் எதுவெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சாமியை நம்பிக்கொண்டே போடுங்கள். நெஞ்சு அடைத்து வியர்த்தால் ஏப்பத்துக்குக் காத்திருக்காதீர்கள். கிட்டே இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசி போடுகிற கையும் அவர் கைதான் என்று நான் பார்த்திருக்கிறேன்.

போன புரட்டாசி, 2012, மூன்றாவது சனிக்கிழமை, திருவந்திபுரத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு, எதிரே இருக்கிற ஔஷதகிரி மலைக்கு ஏறினோம். சின்ன மலைதான். ஆனாலும் படிக்கட்டு. இரண்டரை வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசற்படியே அவளுக்கு மலை. வேண்டாம்மா, கீழேயே கும்பிட்டுக்கொள்ளலாம் என்றேன். அவள் பாட்டுக்கு ஏறினாள். கூட்டத்தில் அவள் புடவையை மட்டும் பார்த்துக்கொண்டு நான் பின்னால் போனேன். பாதிக்கு மேல் சட்டென்று நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உயிரே இல்லை. இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

"என்னாம்மா, நெஞ்சு வலிக்குதா, மூச்சு முட்டுதா, உக்காரு, உக்காரு."

அம்மா திரும்பினாள். மூச்சு சீராக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. நீ எங்க காணோம்னுதான் நின்னேன்" என்றாள். சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.